வைக்கோல் கட்டு

பென்னலூரில் படகுக்கு என்ன வேலை என்று கேட்காத ஆளில்லை. ஏரி நிரம்பினாலும் இடுப்பளவு தண்ணீர்தான். அதில் எருமை குளிக்கலாம், அல்லிக்கிழங்கு பிடுங்கலாம், படகு விட முடியாது. அந்த ஊரில்தான் தணிகாசலம் தன் வீட்டுக்குப் பின்னால் ஓலைக்கொட்டகை போட்டு, இருபத்திரண்டு அடி நீளத்தில் நீலநிற ஃபைபர் படகு ஒன்றைக் கட்டி முடித்திருந்தான். தொண்ணூற்றொன்றாம் வருஷம், புரட்டாசி கடைசி வெள்ளிக்கிழமை காலையில், அதை டிராக்டர் டிரெய்லரில் ஏற்றும்போது பாதி ஊர் வந்து நின்றது.

"ஓடமும் ஒரு நாளு வண்டியில ஏறும்னு கேட்டுக்கீறேன். இன்னிக்குத்தான் கண்ணால பாக்கறேன்" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். தணிகாசலம் சிரிக்கவில்லை. அவனுக்குச் சிரிக்க நேரமில்லை.

மறைமலை நகரில் தண்ணீர்த் தொட்டியும் பஸ் சீட்டும் படகும் வார்க்கும் ஒரு ஷெட்டில் அவன் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவன். ஆடி மாதம் கோவளத்திலிருந்து லூர்தம்மாள் என்று ஒரு அம்மாள் படகு வாங்க வந்தாள். புருஷனைக் கடல் கொண்டுபோய் இரண்டு வருஷம் ஆன மனுஷி. ஷெட்டு முதலாளி ஆறு மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டார். தணிகாசலம் பஸ் நிறுத்தம் வரை அவள் பின்னாலேயே போய், "புரட்டாசிக்குள்ள நான் கட்டித் தரேன்க்கா" என்றான். இந்தச் சேதி முதலாளி காதுக்குப் போக ஒரு நாள்கூட ஆகவில்லை. மறுநாள் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார். உடைந்த பழைய படகு ஒன்றைக் கோவளத்திலிருந்தே கொண்டுவந்து, கவிழ்த்துப் போட்டு அச்சு எடுத்து, புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு மாதத்தில் முடித்தார்கள். கண்ணாடி நார்ப்பாயை வெட்டுவது, ரெசின் கலக்குவது, ரோலர் போட்டுக் காற்றை விரட்டுவது, எல்லாம் கலைமணி செய்தாள். அவள் கையிலிருந்த நார் அரிப்பு சோற்றுக்குக் கை நனைக்கும்போதெல்லாம் எரிந்தது.

கோவளத்தில் ஒரு வழக்கம் உண்டு. புரட்டாசி கடைசி ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்ததும், எந்த ஆள் எந்தப் படகில் ஏறுவது என்று கோயில் வாசலில் கைகொடுப்பார்கள். கொடுத்த கையை ஈஸ்டர் வரை மாற்றிக்கொள்ள மாட்டார்கள். மணலில் நிற்காத படகுக்கு யாரும் கைகொடுப்பதில்லை. சனிக்கிழமைக்குள் படகு போய்ச் சேராவிட்டால் லூர்தம்மாளின் படகு ஆறு மாதம் ஆளில்லாமல் கிடக்கும். தணிகாசலம் மறுபடியும் அதே கேட்டில் போய் நிற்க வேண்டியதுதான். வேறு யாரும் அவனிடம் படகு கேட்டு வரமாட்டார்கள்.

டிராக்டர் கலைமணியின் அண்ணன் அண்ணாதுரையுடையது. வைக்கோல் பாரம் கட்டுவதில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை என்று ஊர் சொன்னது. ஊர் சொல்வதற்கு முன்னால் அவனே சொல்லிக்கொள்வான். ஆனால் காலையில் கயிறு கட்ட அவனை விடாமல் தணிகாசலமே கட்டினான். அடியில் தவிட்டு மூட்டை, பக்கத்தில் பழைய டயர், மேலே தொய்வான இரண்டு கட்டு.

"இன்னா மாப்ள, தொட்டில் கட்டறியா? வழியில வுழுந்துடப் போவுது" என்றான் அண்ணாதுரை.

"வுழாது மச்சான். அது கொஞ்சம் ஆடணும். நீ வண்டிய மெதுவா ஓட்டு, அது போதும்."

டிரெய்லருக்கு வெளியே பத்தடி நீட்டிக்கொண்டிருந்த படகின் நுனியில் கலைமணி ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு, கட்டுச்சோற்று மூட்டையோடு பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

அந்த வருஷம் மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர் வழியாக ஒரு மூட்டை புளி போனாலும் பிரித்துப் பார்த்தார்கள். போவதோ ஃபைபர் படகு. சும்மா விடுவார்களா? கூட்டுரோட்டில் கான்ஸ்டபிள் கை காட்டினார்.

"கடல் எங்க கீது, போட்டு எங்கேருந்து வருது? யாருக்குய்யா போவுது இது?"

தணிகாசலம் கோவளம் பங்குச் சாமியார் கொடுத்த கடிதத்தையும் மீன்துறைச் சீட்டையும் நீட்டினான். கான்ஸ்டபிள் இரண்டையும் மேலும் கீழும் பார்த்தார். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. அவர் வேலை அப்படி. இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கட்டும், அதுவரை கட்டைப் பிரித்து உள்ளே இருப்பதையெல்லாம் கீழே எடுத்து வையுங்கள் என்றார். துடுப்பு, பாய்மரக் கழி, ரெசின் டின், மீதி நார்ப்பாய்ச் சுருள் எல்லாம் சாலையோரத்துக்கு வந்தன. தூறல் போட ஆரம்பித்தது. இன்ஸ்பெக்டர் வந்தபோது மணி ஒன்று. அவர் ஐந்து நிமிஷத்தில் படித்துவிட்டு, "போங்க, போங்க" என்றார்.

தணிகாசலம் உள்ளே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அண்ணாதுரை படகைக் கட்டி முடித்துவிட்டான். நாலு மணி நேரம் நின்ற கோபம் அவனுக்கு. வைக்கோலுக்குக் கட்டுகிற கட்டுதான் கட்டினான். கயிற்றை மேலே வீசி, சட்டத்தில் காலை உதைத்து இழுத்து, பிறகு கயிற்றுக்குள் ஒரு கழியைச் செருகி, கயிறு முனகும் வரை முறுக்கினான். வைக்கோல் போகப் போக அமுங்கும்; அதனால் கிளம்பும்போதே அந்த இறுக்கம் வேண்டும். படகு அமுங்காது. இது வைக்கோல்காரனுக்கு எப்படித் தெரியும்?

ஒரகடம் தாண்டி, படப்பைக்கு இரண்டு மைல் முன்னால் ஒரு சிறு பாலத்தில் டிரெய்லர் தூக்கிப் போட்டது. சடக்கென்று ஒரு சத்தம். முன்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. கலைமணிக்குக் கேட்டது. அவள் போட்ட கூச்சலில் அண்ணாதுரை பிரேக்கை மிதித்தான்.

கயிறு அழுத்திய இடத்துக்குக் கீழே, தண்ணீர் தொடும் மட்டத்துக்கும் ஒரு சாண் கீழே, முழ நீளத்துக்கு விரிசல். தணிகாசலம் அதில் விரலை வைத்தான். விரல் நுனி உள்ளே போயிற்று. அப்படியே சாலையோரத்தில் குந்திவிட்டான்.

"யார் மச்சான் கழி போட்டு முறுக்கினது?"

"நான் கட்டுன கட்டு இதுவரிக்கும் எங்கனா அவுந்துகீதா? கேட்டுப் பாரு."

"அவுரலியே, அதான் ஒடைஞ்சிச்சு."

அண்ணாதுரைக்கு அப்போதுதான் உறைத்தது. கயிற்றிலிருந்து கழியை உருவி எறிந்தான். பிறகு மெல்லிய குரலில், "நான் இன்னாத்த கண்டேன் மாப்ள. வைக்கோல்னு நெனச்சிட்டேன்" என்றான்.

"போயிட்ச்சு கலை" என்றான் தணிகாசலம். "வூட்டுக்குத் திருப்பச் சொல்லு. அந்தம்மா மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்."

கலைமணிக்கும் அப்படியே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. இரண்டு மாதம் ராப்பகலாக ரெசின் நாற்றத்தில் மூச்சுவிட்டவள் அவள். ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்துவிட்டால் யார் எழுப்புவது?

"ஒடைஞ்சத ஒட்டறது தானே நம்ம வேலை. டேங்க்கு ஒடைஞ்சா இன்னா பண்ணுவ? ரெசின் கீது, நார்ப்பாய் கீது, கைகால் கீது. எய்ந்துரு."

"மய தூறுது. ஈரத்துல ஒட்டாது."

"ஒரு கூரையப் பாப்போம். எய்ந்துருய்யா மொதல்ல."

அரை மைல் போனதும் மூடிக் கிடந்த ரைஸ்மில் ஒன்று வந்தது. அதன் தகர இறக்கத்தின் கீழே முனியம்மாள் என்ற பெண்பிள்ளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியில் கரி கனன்றுகொண்டிருந்தது. டிராக்டர் பின்னால் நீலப்படகு வருவதைப் பார்த்து அவள் பெட்டியை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யம்மா, செத்த நேரம் ஒதுங்கிக்கட்டுமா? போட்டு ஒடைஞ்சிடுச்சு" என்றாள் கலைமணி.

"ரோட்டுல போட்டு ஒடைஞ்ச கதைய இன்னிக்குத்தான் கேக்கறேன்" என்றாள் முனியம்மாள். "வாங்க, வாங்க. என் துணிமேல மட்டும் எதையும் ஊத்திடாதீங்க."

அண்ணாதுரை டிரெய்லரைப் பின்னால் தள்ளித் தகரத்தின் கீழே நிறுத்தினான். தணிகாசலம் விரிசலின் இரண்டு முனையிலும் அரத்தின் நுனியால் திருகிச் சின்னத் துளை போட்டான். துளை போட்டால் விரிசல் மேலே ஓடாது. பிறகு உப்புத்தாளால் உள்ளும் புறமும் தேய்த்தான். தேய்க்கிற வேலையை அண்ணாதுரை கேட்டு வாங்கிக்கொண்டான். யாரும் சொல்லாமலே மணிக்கணக்காகத் தேய்த்தான். அவன் மீசையெல்லாம் நீலத் தூள்.

நார்ப்பாய்ச் சுருளைப் பிரித்தபோதுதான் அடுத்த இடி. கூட்டுரோட்டில் நனைந்து, தொட்டால் கை ஈரமாகியது. ஈர நாரில் ரெசின் ஏறாது. வெள்ளை பூத்து உரிந்து வந்துவிடும். தணிகாசலம் சுருளைக் கீழே வைத்தான்.

கலைமணி முனியம்மாளின் கையைப் பார்த்தாள்.

"யம்மா, அந்தப் பொட்டியக் கொஞ்சம் குடேன்."

"இத வச்சிகினு கண்ணாடிய இஸ்திரி போடப் போறியா?"

"ஆமா."

முனியம்மாள் புதுக் கரி போட்டு ஊதிக் கொடுத்தாள். கலைமணி தன் மாற்றுச் சேலையை நார்ப்பாயின் மேல் மடித்து விரித்து, அழுத்தாமல், பெட்டியை மெல்ல மெல்ல ஓட்டினாள். சேலையிலிருந்து ஆவி கிளம்பியது. ஒரு துண்டு, இரண்டு துண்டு என்று ஐந்து துண்டு. பிறகு படகுக்குள் ஏறி விரிசலைச் சுற்றியும் துணி போட்டுக் காய வைத்தாள். தொட்டுப் பார்த்தால் தோசைக்கல் ஆறின சூடு இருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு.

"போதும். நெருப்ப வெளிய கொண்டும்போ. ரெசின் டின்ன தெறக்கப் போறேன்" என்றான் தணிகாசலம். இப்போது அவன் குரலில் பழைய மேஸ்திரி திரும்பியிருந்தான். முனியம்மாள் கரியைக் கொட்டித் தண்ணீர் தெளித்து அணைத்தாள். அன்றைக்கு அவள் போட வேண்டிய துணி பாதிக்கு மேல் மூட்டையாகவே கிடந்தது.

ரெசினைக் கிண்ணத்தில் ஊற்றி, இறுக வைக்கிற கேட்டலிஸ்ட் புட்டியைத் திறந்தான். ஒரு மூடி, ஒன்றரை மூடி. கை நிற்கவில்லை; மறுபடியும் புட்டியைச் சாய்த்தான். கலைமணி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இன்னா பண்ற?"

"குளுந்து கெடக்குது. மூணு மூடி ஊத்தினா ஒரு மணி நேரத்துல எறுகிடும். சாயங்காலமே கெளம்பிடலாம்."

"எறுகும். அப்புறம் அப்பளமாட்டம் நொறுங்கும். ஷெட்டுல அவசரத்துல வார்த்த டேங்க்கு இன்னாச்சுன்னு நீதான வந்து சொன்ன?"

"நாளைக்குள்ள போவலன்னா?"

"போவோம். ஒண்ணரை மூடி போதும். ராவெல்லாம் கெடக்கட்டும்."

அவன் புட்டியை மூடினான். உள்ளே மூன்று அடுக்கு, வெளியே இரண்டு அடுக்கு. ஒவ்வொன்றும் முந்தினதைவிட நாலு விரல் அகலம். கலைமணி ரோலரை வைத்து ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் தள்ளித் தள்ளி எடுத்தாள். முடிந்தபோது வெளிச்சம் போய்விட்டது. முனியம்மாள் கேழ்வரகுக் களியும் முருங்கைக்கீரையும் கொண்டுவந்து வைத்தாள். "ரெசின் நாத்தத்துல எப்டித்தான் துன்னறீங்களோ" என்று சொல்லிக்கொண்டே தானும் பக்கத்தில் உட்கார்ந்து தின்றாள். அவள் வீட்டுக்குப் போனபின் மூவரும் தகரத்தின் கீழேயே படுத்துக்கொண்டார்கள்.

விடிந்ததும் தணிகாசலம் ஒரு நாணயத்தால் ஒட்டின இடத்தைத் தட்டினான். டங் என்றது. நல்ல இடத்தையும் தட்டினான். அதுவும் டங் என்றது. ஒட்டு நன்றாகத்தான் பிடித்திருந்தது. ஆனால் நீலப் படகின் வயிற்றில் அது பழுப்பாக, பலாப்பழத் தோல் போல, ஒரு மைல் தள்ளியிருந்தும் தெரிகிற மாதிரி இருந்தது. அவன் மீதியிருந்த, நீலச்சாயம் கலந்த ரெசின் டின்னைத் திறந்தான்.

"மூடு அத" என்றாள் கலைமணி.

"ஒரு கோட்டிங் அடிச்சா தெரியவே தெரியாது கலை. ஒட்டு கெட்டியா கீது. அந்தம்மா எதுக்குப் பயப்படணும்?"

"கெட்டியா கீதுன்னா எதுக்கு மறைக்கற?"

"பாத்தா வேணான்னு சொல்லிடுவாங்க."

"சொல்லட்டும். நாலு ஆம்பளைங்க அதுல உள்ளார போவப் போறாங்க. அந்தம்மா ஏற்கெனவே ஒருத்தர குட்த்தவங்க. எங்க ஒடைஞ்சது, எங்க ஒட்டனோம்னு தெரிஞ்சிகினு போவட்டும்."

"நீ ஈஸியா சொல்லிட்ட. நாளைக்கு மறுபடி கேட்டுல நிக்கப் போறது நானு."

"உன்கூட நானும் வந்து நிக்கறேன்" என்றாள்.

அண்ணாதுரை அந்த டின்னை வாங்கிச் சுத்தியால் மூடியை அடித்து மூடினான். இந்த முறை கயிறு கட்ட அவன் கிட்டேயே வரவில்லை.

வண்டலூர் தாண்டி, கண்டிகைக்கு அப்பால் டிரெய்லர் சக்கரம் பஞ்சராயிற்று. அதற்கு ஒன்றரை மணி நேரம். கேளம்பாக்கத்தில் மாட்டுச்சந்தைக்குப் போய்த் திரும்பிய வண்டிகள் வழியை அடைத்தன. கோவளம் மணலில் படகை இறக்கும்போது மணி மூன்று. கலைமணி கடலை அன்றைக்குத்தான் முதல் முதலாகப் பார்த்தாள். பார்த்தவளுக்குப் பயமாக இருந்தது. இவ்வளவு தண்ணீரில் போகிற சாமானையா நம் வீட்டுக் கொல்லையில் வைத்துக் கட்டினோம் என்று நினைத்தாள்.

லூர்தம்மாள் ஓடி வந்தாள். "காலு கைய கழுவிகினு வாங்க, வஞ்சிரம் கொழம்பு வச்சிக்கீறேன்" என்றாள்.

"புரட்டாசி சனிக்கெழமக்கா. இன்னிக்குப் பெருமாளுக்கு. நாங்க தொடமாட்டோம்" என்றாள் கலைமணி. லூர்தம்மாளுக்கு முகம் சுண்டியது. அடுத்த வார்த்தைக்கு இடம் விடாமல் கலைமணி அவள் கையைப் பிடித்துப் படகின் பக்கவாட்டுக்கு அழைத்துப் போனாள்.

"யக்கா, சோறு அப்புறம். மொதல்ல இதப் பாருங்க. வழியில ஒடைஞ்சிடுச்சு. ஒட்டிக்கீறோம்."

"கட்டுனது நானுங்க. நான்தான் தப்பாக் கட்டி ஒடைச்சிட்டேன். இவங்க மேல ஒண்ணும் தப்பில்ல" என்று அண்ணாதுரை பின்னாலிருந்து சொன்னான்.

லூர்தம்மாள் ஒட்டின் மேல் கையை வைத்தாள். "எனக்கு இன்னா தெரியும். ஏறப்போற ஆளு சொல்லட்டும்" என்று திரும்பிப் பார்த்தாள்.

அவளுக்குக் கைகொடுப்பதாக இருந்த நாலு பேரில் மூத்தவன் அருளப்பன். கறுத்து வற்றின ஆள். அவன் படகைச் சுற்றி வந்தான், விரல் முட்டியால் தட்டினான், உள்ளே எட்டிப் பார்த்தான்.

"புது போட்டுன்னு சொல்லிட்டு, ஒட்டுப் போட்ட போட்டக் கொண்டாந்துகீறீங்க."

"தாங்கும்ணா" என்றான் தணிகாசலம்.

"தாங்கும்னு கரையில நின்னுகினு சொல்லலாம். உள்ளார நாங்கதான போவணும்."

"நான் வரேன். நான் ஏறி உக்காந்துக்கறேன்" என்றாள் கலைமணி. அங்கிருந்த ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "பொம்பள ஏறக்கூடாதும்மா இங்க" என்று லூர்தம்மாள் அவள் தோளைத் தொட்டாள்.

தணிகாசலம் வேட்டியை அவிழ்த்து அண்ணாதுரை தோளில் போட்டான். உள்ளே காக்கி அரைக்கால் சட்டை.

"அவ எதுக்கு? கட்டுனவன் நானு. நான் வரேன்."

"நீச்சல் தெரியுமா?" என்றான் அருளப்பன்.

"தெரியாது."

அருளப்பன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "ஏறு. அந்த ஒட்டுல முதுக வச்சி உக்காரு. நவுராத."

அண்ணாதுரையும் இன்னும் பத்துப் பேரும் படகைத் தள்ளினார்கள். முதல் அலையில் நுனி வானத்தைப் பார்த்தது. இரண்டாவது அலை உள்ளே இருந்தவர்கள் மேல் அப்படியே கவிழ்ந்தது. மூன்றாவதைத் தாண்டியதும் பாய் விரிந்தது. காற்று பலமாக இருந்தது. படகு ஒருபக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்தது ஒட்டுப் போட்ட பக்கம்தான். அருளப்பன் வேண்டுமென்றேதான் அந்தப் பக்கம் சாய்த்து ஓட்டினான்.

கலைமணி மணலில் நின்றாள். தப்பு பண்ணிவிட்டோமோ என்று முதன் முதலாக நினைத்தாள். பேசாமல் நீலச்சாயம் அடிக்க விட்டிருக்கலாம். ஒன்றரை மூடி ஊற்றினோமா, ஒன்றேகாலா? மூன்றாவது அடுக்கின் ஓரத்தில் ரோலர் சரியாகப் பட்டதா? தாலிச்சரட்டைப் பிடித்துக்கொண்டு பெருமாளைக் கூப்பிட்டாள். பக்கத்தில் லூர்தம்மாள் ஜெபமாலையை உருட்டினாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. படகு கட்டைவிரல் அளவாகி, நக அளவாகி, ஓரிடத்தில் நின்றது. அங்கே என்ன செய்தார்கள் என்று கரையில் யாருக்கும் தெரியவில்லை. பிறகு பாய் திரும்பியது.

கரை வந்ததும் தணிகாசலம் முதலில் செய்த காரியம், விளிம்பில் தொங்கிக்கொண்டு வாந்தி எடுத்தது. முகம் வெளுத்திருந்தது. பிறகு மறுபடியும் முதுகை ஒட்டிலேயே சாய்த்து உட்கார்ந்துவிட்டான். அருளப்பன் அவனை ஒரு கையால் முன்னால் தள்ளிவிட்டு, அந்த இடத்தைக் கந்தலால் துடைத்து, மறுபடி நீர் கசிகிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்தான். மேலிருந்து கீழே ஒரு தரம், குறுக்கே ஒரு தரம். கையைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தான்.

அவன் கலைமணியைப் பார்த்தான், லூர்தம்மாளைப் பார்த்தான். பிறகு மணலில் நின்ற தன் ஆட்களிடம் சொன்னான்:

"இந்த ஆள எறக்கி வுட்டுட்டு வலைய ஏத்துங்கடா."